பனையடி வளைவின் வெள்ளைக் கற்கள்

“அப்ப ஆளு குள்ளன்னு சொல்றீங்க.”

“சொல்லலைண்ணே. நிரூபிச்சுட்டேன். இந்தக் கல்லைப் பாருங்க. முழங்கால் உயரத்துக்கு மேலதான் வெள்ளையைத் துடைச்சிருக்கான். அதுக்குக் கீழ அப்படியே இருக்கு. ஏன்? அவன் குனியலை. குனியாமலே முழங்கால் வரைக்கும் ஒருத்தன் கை எட்டுதுன்னா அவன் குள்ளன்.”

“இல்ல, சோம்பேறியா இருக்கலாம். கவர்மெண்டுக் கல்லுதானே.”

“இன்னொண்ணு. கீழிருந்து மேலே துடைச்சிருக்கான். தடம் தடமா மேல ஏறுது பாருங்க. உலகத்துல எல்லாரும் மேலிருந்து கீழதான் துடைப்பாங்க.”

“அப்படின்னா இடக்கைக்காரன்.”

“இடக்கைக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

“எனக்கென்ன தெரியும்? ஒங்க புத்தகத்துல எல்லாம் கடைசியில அவன்தான மாட்டுறான்.”

பூதக்கண்ணாடியைக் கல்லுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனவன் துப்பறிவாளன் அடைக்கலம். வயது இருபத்தாறு. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அவனுடைய துப்பறியும் நிலையம் இருந்தது. நிலையம் என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, மொழிபெயர்ப்பு நாவல்கள் நிறைந்த ஒரு தேயிலைப் பெட்டி. அந்த நாவல்களில் எப்போதும் மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கும், சாரட்டு வண்டி ஓடிக்கொண்டிருக்கும், யாராவது ஒரு பிரபு தன் நூலகத்தில் முதுகில் கத்தியோடு கிடப்பார். புதுக்கோட்டையிலோ மூடுபனிக்குப் பதில் செம்மண் புழுதி. சமஸ்தானம் போய் ஒன்பது வருஷமாகிவிட்டதால் பிரபுக்களும் குறைவு. இருந்த ஒன்றிரண்டு பேரும் படுக்கையிலேயே வயதாகிப் போய்ச் சேர்ந்தார்கள். அடைக்கலம் அதற்காகத் தளர்ந்துவிடவில்லை. திருச்சியில் பழைய துணி விற்பவனிடம் வாங்கிய கறுப்புக் கம்பளிக் கோட்டை ஆவணி வெயிலிலும் கழற்றுவதில்லை. சுங்கானில் புகை பிடித்துப் பார்த்தான், இருமல் வந்தது. ஆகவே ஆழ்ந்து யோசிக்கும்போது கிராம்பு மென்றான். அவன் இதுவரை துலக்கிய வழக்கு, காணாமற்போன ஓர் ஆடு. உண்மையைச் சொன்னால் அந்த ஆடு தானாகத்தான் வீடு திரும்பியது.

உதவியாளன் ராக்கன் அவனைவிடப் பத்து வயது மூத்தவன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். படியில் நின்று கணக்குக் கேட்ட செக்கிங் இன்ஸ்பெக்டரிடம், “ஏறுங்க, இல்ல எறங்குங்க, நடுவுல நின்னா டிக்கெட்டு இல்ல” என்று சொன்னதில் வேலை போயிற்று. முதலாளியை அவன் ‘தொரை’ என்று கூப்பிடுவான். அந்தக் கோட்டைப் பார்த்தபின் வேறு எப்படியும் கூப்பிட வாய் வரவில்லை என்பது அவன் கட்சி. முதலாளி அவனை ‘அண்ணே’ என்பான்.

இருவரும் நின்ற இடம் பனையடி வளைவு. கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்கிற ரோடு, பனையடிக் கண்மாயைக் கண்டதும் மாமனாரைக் கண்ட மருமகன்போலச் சட்டென்று ஒதுங்கித் திரும்பும். வெளிப்பக்கம் கண்மாயின் சரிவு. உள்பக்கம் மீனம்மாள் என்பவளின் கிணற்றுத் தோட்டம். சரிவில் லாரியும் வண்டியும் உருண்டு உருண்டு, கடைசியில் ஹைவேஸ் இலாகா கண் விழித்தது. ரோட்டை நேராக்கிவிடலாம் என்று எஞ்சினியர் வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார். கோடு மீனம்மாளின் கத்தரிப் பாத்திகளைத் தாண்டி நேரே கிணற்றுக்குள் இறங்கி மறுபக்கம் ஏறியது. அவள் அழுததைப் பார்த்து அவர் ஒரு தவணை கொடுத்தார். வளைவின் ஓரத்தில் இடுப்பளவு கற்களை நட்டு வெள்ளையடிப்பது. இருட்டில் வருகிறவனுக்கு ஓரம் தெரியும். வண்டி எதுவும் சரியாவிட்டால் வளைவு இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்று சரிந்தாலும் ரோடு நேராகும், கிணறு மூடப்படும்.

கல் நட்டார்கள். வெள்ளையடித்தார்கள். பிறகு அந்த வெள்ளை காணாமற்போக ஆரம்பித்தது. போன வாரம் விடியற்காலையில், கடலை மூட்டை ஏற்றி வந்த பழனிச்சாமியின் வண்டி வெளுப்பில்லாத கற்களுக்கு நடுவே சரிவில் இறங்கிக் கவிழ்ந்தது. அவனுக்குக் கால் முறிந்தது. வண்டியில் தூங்கினான் என்று போலீஸில் அவன்மேலேயே கேஸும் எழுதிவிட்டார்கள். நேற்று ஆஸ்பத்திரியில் அடைக்கலம் அவனைப் பார்த்தபோது, “தூங்குனது நெசந்தாங்க. ஆனா என் மாடு ரெண்டும் தூக்கத்துலயும் ரோடு தப்பாது. அன்னிக்கு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஓரத்துக்குப் போச்சு” என்றான். ஊரில் சிலர் அதை முனி என்றார்கள். அடைக்கலம் முனியை நம்பவில்லை. அவனுடைய புத்தகங்களில் முனி கிடையாது.

இன்று சாயங்காலம் எஞ்சினியர் வருகிறார். அதற்குள் வெள்ளையைத் துடைக்கிறவனைப் பிடித்துக் கொடுத்தால் கிணறு பிழைக்கும் என்று மீனம்மாள்தான் பஸ் ஏறி வந்து அவனைக் கூப்பிட்டாள். கூலி ஒரு கூடை கத்தரிக்காய்.

“தம்பி, வெயில்ல நிக்காதீங்க. மோரு குடிங்க” என்று வேலியோரம் வந்து சொம்பை நீட்டினாள். நாற்பதை ஒட்டிய வயது. ஆணும் பெண்ணுமாகத் தானே ஏற்றம் இறைத்து இறுகிப்போன கைகள். விரல் நுனிகள் மட்டும் வெளுத்து, தோல் வெடித்திருந்தன. வெற்றிலைப் பழக்கம், சுண்ணாம்பு தடவித் தடவி வெந்த விரல், என்று அடைக்கலம் ஒரே பார்வையில் முடிவு கட்டினான். புத்தகத்துத் துப்பறிவாளர்களும் அப்படித்தான் வந்தவர் விரலைப் பார்த்தே ஜாதகம் சொல்வார்கள்.

ராக்கன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். “ஆத்தா, இதுல உப்புங்கிற சாமானே இல்லையே.”

“தீந்துபோச்சுங்க. கோவிச்சுக்காதீங்க.”

“கோவிக்கல. ஒங்க உப்பத் தின்னுட்டம்னு நாளைக்கு யாரும் எங்களச் சொல்ல முடியாது பாருங்க.”

அவள் உதட்டை மூடிக்கொண்டே லேசாகச் சிரித்தாள். “ஆளு யாருன்னு தெரிஞ்சுதாங்க?”

“பாதி தெரிஞ்சுருச்சு. ஆள் குள்ளன்” என்றான் அடைக்கலம்.

மீனம்மாள் யோசித்தாள். “குள்ளன்னா... இங்கிட்டு ஜல்லிக் காண்டிராக்டரு வீரய்யாதான் இருக்காரு.”

அடைக்கலம் கிராம்பைக் கடித்தான். ரோடு நேரானால் ஜல்லி வேண்டும். ஜல்லி வேண்டுமென்றால் வீரய்யா வேண்டும். நோக்கம், உயரம், இரண்டும் ஒரே ஆளிடம். நாவலாக இருந்தால் இன்னும் இருபது பக்கம் இருக்கும்போதே இவ்வளவு சுலபமாகக் கிடைக்குமா என்று சந்தேகப்பட்டிருப்பான். வாழ்க்கையில் அவன் அப்படிச் சந்தேகப்பட்டதில்லை.

வீரய்யா ரோட்டோரம் ஜல்லிக் குவியலின்மேல் நின்றிருந்தார். குவியலோடு சேர்த்தும் அவர் அவ்வளவு உயரமில்லை. சுற்றிலும் பெண்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒங்க உயரம் என்னங்க?” என்று அடைக்கலம் நேரே ஆரம்பித்தான்.

“எதுக்கு தம்பி, பொண்ணு ஏதும் பாத்து வச்சிருக்கியா?”

சுத்தியல்கள் நின்றன. பெண்கள் சிரித்தார்கள். அடைக்கலம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குனியாத ஆளைப் பற்றியும், மேல்நோக்கிப் போன தடத்தைப் பற்றியும், நேராகப்போகிற ரோட்டைப் பற்றியும் விளக்கினான். விளக்கம் நன்றாகத்தான் வந்தது. கண்ணாடிமுன் பழகியது.

வீரய்யா பொறுமையாகக் கேட்டார். “முடிஞ்சுதா? இப்ப நான் சொல்றதக் கேளு. அந்தக் கல்லு எனக்கு ஆகாதுன்னா நாலு ஆள விட்டுப் பிடுங்கிக் கண்மாய்ல போட்டுட்டுப் போயிருவேன். துணிய நனைச்சுக்கிட்டு ஒவ்வொரு கல்லாத் துடைப்பேனா? என் வீட்டுக் குத்துவிளக்கையே நான் துடைச்சதில்ல. அப்புறம், ரோடு நேராப் போனாலும் ஜல்லி என்னது. வளைவ அகலமாக்குனாலும் ஜல்லி என்னது. எங்கிட்டுப் போனாலும் ரோடு என் ஜல்லி மேலதான தம்பி போகணும்?”

அடைக்கலம் ராக்கனைப் பார்த்தான். ராக்கன் வானத்தைப் பார்த்தான்.

“சாயந்தரம் எஞ்சினியர் ஜீப்புல நானும் வாரேன்” என்றார் வீரய்யா. “இத்தனை பேர் முன்னால என்னைக் களவாணிங்கிற மாதிரி பேசிட்ட. அங்க வந்து ஆளக் காட்டு, ஒன் பேரை நானே ஊரெல்லாம் சொல்றேன். காட்டலைன்னா அந்தக் கோட்டக் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிரு. கூடை தூக்குற பிள்ளைகளுக்குத் தலையில வைக்கச் சும்மாடு பத்தல.”

திரும்பி நடந்தபோது ராக்கன் கொஞ்ச தூரம் சும்மா வந்தான். அதுவே பெரிய மரியாதை. பிறகு, “சும்மாட்டுக்குக் கம்பளி நல்லாத்தான் இருக்கும்” என்றான்.

வெயில் சாய ஆரம்பித்தும் சூடு தணியவில்லை. அடைக்கலம் வளைவின் கடைசிக் கல்லில் போய் உட்கார்ந்தான். அந்த ஒன்றில் மட்டும் வெள்ளை புதிதாகப் பளிச்சென்று இருந்தது. அவன் அதையும் கவனிக்கவில்லை. ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கண்மாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தண்ணீர் பாதிக்கு இருந்தது. ஓர் ஏரிக்கரையில் தோற்றுப்போன துப்பறிவாளன் தனியே உட்கார்ந்திருக்கும் கட்டம் அவனுக்கு மிகப் பிடித்த கட்டம். அதில் மெல்லிய மழை தூறும், தூரத்தில் மணி அடிக்கும். இங்கே மழை இல்லை. மணி மட்டும் அடித்தது. மாட்டு மணி. அது நெருங்கி வந்தது.

உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக, ஈரமாக ஏதோ ஒன்று அவன் கோட்டின் கீழ்நுனியில் தொடங்கி முதுகுவரை ஒரே இழுப்பாக ஏறியது.

“அண்ணே, விளையாடாதீங்க” என்றான் அடைக்கலம், திரும்பாமலே.

“தொரை, நான் இங்கிட்டு நிக்கிறேன்.”

குரல் ரோட்டின் மறுபக்கத்திலிருந்து வந்தது. மறுபடியும் அந்த இழுப்பு. அடைக்கலம் திரும்பினான். மூக்குக்கு மூக்காக ஒரு மயிலைக்காளை. அதன் ஜோடி பக்கத்துக் கல்லில் நாக்கைப் போட்டு, கீழிருந்து மேலே, கீழிருந்து மேலே என்று ஏற்றிக்கொண்டிருந்தது. வண்டிக்காரன் வைக்கோல்மேல் மல்லாந்து வாயைத் திறந்து தூங்கினான். காளைகள் ஓரத்துக்கு இழுத்ததில் வண்டியின் இடது சக்கரம் மண்விளிம்பில் ஏறி, மண் பொலபொலவென்று சரிவில் உதிர்ந்துகொண்டிருந்தது.

ராக்கன் ஓடிவந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக் காளைகளை ரோட்டுக்குத் திருப்பினான். சக்கரம் விளிம்பை விட்டு இறங்கியது. வண்டிக்காரன் எழுந்து கண்ணைக் கசக்கி, பாதி நக்கப்பட்ட கோட்டோடு நின்றவனைப் பார்த்தான். “என்னங்க, மாட்டுக்குத் தீனி வக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

அடைக்கலம் நின்ற இடத்திலேயே நின்றான். குனியாத ஆள். மேல்நோக்கிப் போகிற தடம். துணி தேவையில்லாத துடைப்பு. பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஓரத்துக்குப் போன மாடுகள்.

“அண்ணே, மாடு எதைக் கண்டா இப்படி நக்கும்?”

“உப்பு. இல்லைன்னா கன்னுக்குட்டி. நீங்க ரெண்டும் இல்ல.”

நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. அடைக்கலம் ரோட்டை இருபுறமும் பார்த்தான். யாருமில்லை. மண்டியிட்டு, கண்ணை மூடி, கல்லில் நாக்கை வைத்தான். அதே சமயத்தில் கீரனூர் பஸ் வளைவில் திரும்பியது. வளைவென்பதால் டிரைவர் நன்றாக மெதுவாக்கினார். ஒரு பஸ் நிறைய ஜனங்கள், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு வாலிபன் கவர்மெண்டுக் கல்லை நக்குவதை அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு போனார்கள். படியில் தொங்கிய கண்டக்டர் பழைய சிநேகிதன். “ஏ ராக்கா, மொதலாளிக்குச் சோறு போட மாட்டியா?” என்று கத்தினான்.

“உப்பு” என்றான் அடைக்கலம், சுண்ணாம்பில் வெந்த நாக்கோடு. கண்ணில் நீர் முட்டியது. வலியா, வெற்றியா என்று அவனுக்கே தெரியவில்லை. “கஞ்சியும் சேர்த்திருக்கு. அண்ணே, ரோட்டு ஆளுங்க சுண்ணாம்புல உப்புக் கலப்பாங்களா?”

“நல்லாக் கேட்டீங்க. அவுக சுண்ணாம்பே கலக்க மாட்டாக. வெள்ளை மாதிரி தண்ணிய அடிச்சிட்டுப் போவாக. மொத மழைக்கே போயிருக்கும்.”

“அப்ப திரும்பத் திரும்ப அடிச்சது யாரு? ஒட்டணும், மழைக்கு நிக்கணும்னு உப்பும் கஞ்சியும் போட்டு, அவ்வளவு அக்கறையா?”

பஸ் சத்தம் கேட்டு மீனம்மாள் சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். “என்ன தம்பி ஆச்சு? கொப்புளிங்க, மொதல்ல கொப்புளிங்க.” அவன் கொப்புளிக்கத் திரும்பியபோது முதுகைப் பார்த்தாள். கோட்டில் கீழிருந்து மேலே மினுமினுவென்று எச்சில் தடம். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

பற்கள் முல்லை அரும்புபோல வெளேரென்று இருந்தன.

அடைக்கலம் கொப்புளித்த தண்ணீரை விழுங்கிவிட்டான். “இன்னொரு தடவை சிரிங்க.”

“தொரை, அந்த அம்மா குடும்பப் பொம்பள. வெயிலு ஒங்களுக்கு” என்று ராக்கன் தோளைப் பிடித்தான்.

“நீங்க வெத்தலை போடுறதில்லை, இல்லீங்களா?”

“அது எனக்கு ஆகாதுங்க தம்பி. தலை சுத்தும்.”

“அப்ப விரல்ல எப்படிச் சுண்ணாம்பு வந்தது?”

அவள் சிரிப்பு நின்றது. கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ராக்கன் அவளைப் பார்த்தான். பிறகு வேலியோரம் கவிழ்த்திருந்த மோர்ச் சொம்பைப் பார்த்தான். “உப்பு தீந்துபோச்சுன்னு...” என்று ஆரம்பித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேச்சைப் பாதியில் விட்டான்.

“பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கிற மாதிரித்தான அடிச்சேன்” என்றாள் மீனம்மாள். குரல் இறங்கிவிட்டது. “அவுக அடிச்ச வெள்ளை ரெண்டு நாள் தூத்தல்ல கரைஞ்சு ஓடிப்போச்சு. கல்லு கறுத்தா வண்டி சாயும், வண்டி சாஞ்சா கெணறு போயிரும். கவர்மெண்டுக் கல்லத் தொட்டா ஜெயிலுன்னு மேஸ்திரி சொல்லிட்டுப் போயிருந்தாரு. அதான் யாருக்கும் தெரியாம அடிச்சேன். மறுநாள் பாத்தா வெள்ளையக் காணோம். எவனோ வேணும்னு துடைக்கிறான்னு நெனச்சு, இன்னும் ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டேன். நல்லாப் பிடிக்கட்டும்னு.”

“மாட்டுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு” என்றான் ராக்கன். ஆனால் அதை அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

“மாடா?”

அடைக்கலம் நடந்ததைச் சொன்னான். எல்லாரையும் ஒரு கூடத்தில் கூட்டிவைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று அவன் எத்தனையோ வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கட்டம் அது. நடுரோட்டில், நாக்கு தடித்து, முதுகு நனைந்து, குற்றவாளியின் கையிலிருந்த சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

மீனம்மாள் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அப்ப பழனிச்சாமி கால ஒடிச்சது நாந்தானா?”

தோட்டத்தில் ஏற்றச்சால் காற்றில் ஆடிக் கிணற்றுச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

“உப்பில்லாமல் அடித்தால் வெள்ளை நிற்கும், மாடு வராது, ரோடும் இப்படியே இருக்கலாம். எஞ்சினியருக்கு அதைச் சொன்னால் போதும்” என்று அடைக்கலம் மனதுக்குள் கணக்குப் போட்டான். ஆனால் எந்த எஞ்சினியரும் அதோடு விடமாட்டார். உப்புப் போட்டது யார் என்று கேட்பார். அவர் பக்கத்தில் வீரய்யா நிற்பார், கோட்டையே பார்த்துக்கொண்டு. தானாகத் திரும்பிவராத முதல் வழக்கு இது. இதில் அவன் உண்மையாகவே கண்டுபிடித்திருந்தான்.

வளைவுக்கு அப்பால் ஹாரன் சத்தம் கேட்டது. பனைகளுக்கு நடுவே புழுதி எழும்பியது. அதற்குள் ஒரு ஜீப். பின் இருக்கையில் ஒரு தலை மட்டும் தெரிந்தது.

“சும்மாடு கேக்குறவரு வந்துட்டாரு” என்றான் ராக்கன்.

மீனம்மாள் எழுந்தாள். முந்தானையில் விரல்களை அழுத்தி அழுத்தித் துடைத்தாள், வெள்ளை போகவில்லை. ஜீப் மெதுவாகி, முதல் கல்லோரம் நின்றது.

“தம்பி, மாடு நக்குனதச் சொல்லுங்க. உப்புன்னும் சொல்லிருங்க. பழனிச்சாமி மேல எழுதுன கேஸு போகட்டும். அவன் வீட்டுக்கு நான் என்ன செய்யணுமோ செஞ்சுக்கிறேன்” என்றாள் தணிந்த குரலில். “ஆனா உப்புப் போட்டது யாருன்னு கேப்பாக. அத மட்டும் ஒங்களால கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிருங்களேன். சொல்லுவீங்களா?”